சேனையும் சீம்பாலும்: கம்பம் பள்ளத்தாக்கில் தாய்ப்பால் இயக்கம்

தேனி மாவட்டத்தில் சின்னமனூரை அடுத்து, முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் பேரூராட்சி மார்க்கையன்கோட்டை. இந்த ஊரிலும் இதைச் சுற்றிய கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலும், பிள்ளைக்குத் தாய்ப்பால் நல்லது என்பதை வெளியார் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கும் வரை, சில வீடுகளில் இரண்டு மூன்று வயது வரையிலும்கூட, தாய் பால் கொடுத்தாள். பொதுச் சுகாதாரத் துறை இங்கே எதிர்கொண்ட கேள்விகள் வேறு. பிறந்த பிள்ளைக்கு முதல் பால் எப்போது கிடைக்கிறது? அதற்கு முன்பு அதன் வாயில் எது போகிறது? தாய் வயலுக்குத் திரும்பிய பின் அது எதைக் குடிக்கிறது? கடந்த நூறு ஆண்டுகளின் தாய்ப்பால் இயக்கம் இந்த மூன்று கேள்விகளையும் சுற்றியே நடந்திருக்கிறது. முதல் இரண்டுக்கும் ஓரளவு விடை கிடைத்தது. மூன்றாவது இன்னும் பாதியில் நிற்கிறது.

பிறந்ததும் சேனை வைப்பது தென் மாவட்டங்களின் பழைய வழக்கம். குடும்பத்தில் மூத்தவர், நல்ல குணமுள்ளவர் என்று பேரெடுத்தவர், சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பார். சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பிள்ளை வளர்ந்து பிடிவாதம் பிடித்தால் “இதுக்கு யாரு சேனை வச்சது?” என்று கேட்பார்கள். ஒரு புதிய உயிரை உறவுக்குள் சேர்த்துக்கொள்ளும் சடங்காக அதற்குப் பொருள் உண்டு. மருத்துவத்தின் பார்வையில் அது ஆபத்து. கழுவாத விரலும் காய்ச்சாத தண்ணீரும் பிறந்த சில நிமிடங்களில் கிருமியைக் குடலுக்குக் கொண்டுபோகின்றன. இனிப்பு நாக்கில் பட்ட பிள்ளை மார்பைத் தேடுவதும் தாமதமாகிறது.

சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது இதைவிடப் பெரிய இழப்பு. பேறு நடந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் கொஞ்சமாகச் சுரக்கும் மஞ்சள் நிறப் பால் ‘பழைய பால்’, ‘செரிக்காத பால்’ என்று பல வீடுகளில் ஒதுக்கப்பட்டது. மாடு கன்று ஈன்றால் அதே சீம்பாலைக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து உண்ட மக்கள், மனிதப் பிள்ளைக்கு அதை மறுத்தார்கள். நோய் எதிர்ப்புப் புரதங்களும் வைட்டமின் ஏ சத்தும் செறிந்திருப்பதால் மருத்துவர்கள் இன்று அதைப் பிள்ளையின் முதல் தடுப்பூசி என்கிறார்கள். அது சில கரண்டி அளவே சுரப்பதைப் பார்த்து, ‘பால் இறங்கவில்லை’ என்று மாமியாரும் மருத்துவச்சியும் கவலைப்பட்டார்கள். பிறந்த பிள்ளையின் வயிறும் அந்தச் சில கரண்டிக்கு ஏற்ற அளவுதான் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. இடைப்பட்ட நாட்களில் பசும்பாலோ ஆட்டுப்பாலோ சங்கில் புகட்டப்பட்டது. சளிக்கும் வலிப்புக்கும் நல்லது என்று கழுதைப்பால் புகட்டும் பழக்கமும் இருந்தது.

பழைய வழக்கத்தில் நல்லதும் இருந்தது. பிற்காலப் பிரசாரம் அதைப் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வந்தாள். பேறுகாலத்துக்குப் பின் மூன்று மாதம், ஐந்து மாதம் அங்கேயே இருந்தாள். பூண்டும் கருவாடும் சுறாப்புட்டும் சமைத்துக் கொடுக்க, பிள்ளையை மார்பில் பிடித்து வைக்கக் கற்றுத்தர, இரவில் தொட்டில் ஆட்ட ஆள் இருந்தது. பால்கட்டினால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கை இருந்தது. மேலைநாட்டு மருத்துவமனைகள் இன்று பாலூட்டல் ஆலோசகர் என்று தனியாக ஒருவரை நியமித்துச் செய்யும் வேலையை ஓர் அம்மாவும் ஓர் அப்பத்தாவும் செய்தார்கள். சங்கின் இன்னொரு வடிவமான பாலாடையும் இந்த மண் கொடுத்த கொடை. மூக்கு நீண்ட அந்தச் சிறு கிண்ணம் உறிஞ்சத் தெரியாத குறைமாதப் பிள்ளைக்குப் பால் புகட்ட ஏற்றது என்று பச்சிளங்குழந்தை மருத்துவம் ஏற்றுக்கொண்டது. ஆங்கில மருத்துவ நூல்களிலும் அதன் பெயர் ‘பாலாடை’தான்.

அரசின் கவனம் தாய்மார் பக்கம் திரும்பியது முதலில் சென்னை நகரத்தில். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. சென்னை மாநகராட்சி 1917இல் குழந்தை நலத் திட்டத்தைத் தொடங்கி, செவிலியரை வீடு வீடாக அனுப்பியது. 1920களில் இந்தியா முழுவதும் குழந்தை வாரங்கள் கொண்டாடப்பட்டன. கண்காட்சிகளில் சுத்தம், தாய்ப்பால், தடுப்பூசி பற்றிய படங்கள் வைக்கப்பட்டன. கொழுத்த குழந்தைக்குப் பரிசும் கொடுக்கப்பட்டது. கொழுப்பே ஆரோக்கியம் என்ற எண்ணம் அந்தப் பரிசுகளோடு பரவியது. பால் பவுடர் விற்பவர்களுக்குப் பின்னாளில் அது உதவியது.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்துச் சுகாதாரத் துறைக்கு வேறு கவலை. மலையடிவார ஊர்களில் பிளேக் திரும்பத் திரும்ப வந்தது. 1930களில் இந்தப் பள்ளத்தாக்கின் பிளேக் பற்றித் தனி ஆய்வே நடத்தி வெளியிட்டார்கள். எலியும் தெள்ளுப்பூச்சியும் எண்ணப்பட்ட அளவுக்குப் பிறந்து இறந்த பிள்ளைகள் எண்ணப்படவில்லை. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய் சேய் நலத்தை உள்ளாட்சிகளின் கடமைகளில் ஒன்றாக்கியது. இத்தகைய சட்டம் இந்தியாவில் அதுவே முதலாவது. ஆனால் சட்டம் ஊர்களை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை பேறு பார்த்தவர் மருத்துவச்சி; சேனை வைத்தவர் பாட்டனார்.

சட்டம் வந்த அதே 1939இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் ஓர் உரை நிகழ்த்தினார். இனிப்பிட்ட டின் பாலைக் குழந்தை உணவு என்று விற்பதால் பிள்ளைகள் இறக்கின்றன. அந்த இறப்புகளைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். தாய்ப்பாலுக்கு இருக்கும் போட்டியை இவ்வளவு வெளிப்படையாகப் பேசியவர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. தமிழ்நாட்டு நகரங்களில் அந்தப் போட்டி வலுத்தது விடுதலைக்குப் பின். எருமைப்பாலிலிருந்து குழந்தைகளுக்கான பால் பவுடர் செய்யும் முறையை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950களில் உருவாக்கியது. இறக்குமதிக்கு மாற்றாக ‘அமுல்’ என்ற உள்நாட்டுப் பவுடர் வந்தது. அறிவியலுக்கு அது சாதனை. தாயை இழந்த பிள்ளைக்கும், தாய்க்கு நோய் கண்ட பிள்ளைக்கும் அது உயிர் காத்தது. ஆனால் டின்னில் இருந்த படம் எல்லா வீட்டையும் பார்த்துச் சிரித்தது. கொழுகொழு குழந்தையை ‘அமுல் பேபி’ என்று தமிழர்கள் இன்றும் சொல்வது அந்தப் படம் பேச்சுமொழியில் விட்டுப்போன தடம்.

பள்ளத்தாக்கின் ஊர்களில் பவுடர் டின் முதலில் வசதியின் அடையாளமாக வந்தது. பின் கூலி வீட்டுக்கும் போனது. அங்கேதான் தீங்கு. விலை கட்டாததால் ஒரு டின் பவுடர் இரண்டு மடங்கு நாட்களுக்கு இழுக்கப்பட்டது, பால் தண்ணீரானது. வாய்க்கால் தண்ணீரிலோ கிணற்றுத் தண்ணீரிலோ புட்டி கழுவப்பட்டது. ரப்பர் காம்பின் மடிப்புகளில் கிருமி வளர்ந்தது. பிள்ளை வயிற்றுப்போக்கில் வாடினால், பாலைச் சந்தேகிக்காமல் பல்லையும் கண்ணேறையும் காரணம் சொன்னார்கள். புட்டிக்குப் பழகிய பிள்ளை மார்பை மறுக்க, உறிஞ்சுதல் குறைய, சுரப்பும் குறைந்தது. பிள்ளை உறிஞ்சும் அளவுக்கே பால் ஊறும். ஒரு வேளை புட்டி என்பது அடுத்த வேளைப் பாலில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். ‘எனக்குப் பால் பத்தல’ என்று தாய்மார் சொன்னதில் ஒரு பகுதி இந்தச் சுழற்சியால் வந்திருக்கும்.

உலக அளவில் இதற்கு எதிரான குரல் 1970களில் உரத்தது. 1981 மே மாதம் உலக சுகாதார மாநாடு தாய்ப்பால் மாற்றுகளை விற்பதற்கான பன்னாட்டு நெறிமுறையை நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1983இல் தனக்கென ஒரு தேசிய நெறிமுறையை வகுத்தது. 1992இல் அது சட்டமானது. 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குழந்தைப் பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. டின்னில் குழந்தைப் படம் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட வேண்டும். மருத்துவமனையில் தட்டி வைக்கக் கூடாது. விற்பனைக்காக மருத்துவருக்குப் பரிசு தரக் கூடாது. தாய்க்குச் சொல்லும் அறிவுரையாகவே நடந்துவந்த இயக்கம், தாயைச் சுற்றியிருக்கும் சந்தையை முதல்முறையாகக் கட்டுப்படுத்தியது இந்தச் சட்டத்தில்தான். ஆயிரம் சுவரொட்டிகளைவிட டின்னிலிருந்து சிரித்த முகம் போனது பெரிய காரியம்.

பள்ளத்தாக்கின் வீட்டு வாசலுக்கே இயக்கம் வந்தது 1980களில். உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதனையாகத் தொடங்கியது. அங்கிருந்து ஆறு மாவட்டங்களுக்கு விரிந்தது. மார்க்கையன்கோட்டையும் கம்பமும் போடியும் அன்று மதுரை மாவட்டத்துக்குள் இருந்தவை. தேனி தனி மாவட்டமானது 1990களின் பிற்பாதியில். ஊட்டச்சத்துத் திட்டம் அதே ஊரைச் சேர்ந்த பெண்ணை வேலைக்கு எடுத்தது. பெரிய படிப்பு தேவையில்லை. ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்தவள் என்று ஊர் அறிந்தவளாக இருந்தால் நல்லது என்றார்கள். இந்த ஒரு முடிவே திட்டத்தின் பலம். மேலிருந்து வந்த அதிகாரி சொன்னால் தலையாட்டிவிட்டு மறக்கும் ஊர், தெருக்கோடியில் குடியிருக்கும் அக்கா சொன்னால் யோசித்தது.

அந்தப் பெண் மாதந்தோறும் பிள்ளைகளை எடை போட்டாள். உத்தரத்தில் தொங்கும் தராசில் துணிப்பையில் பிள்ளையை உட்கார வைத்து, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். கோடு மேலே ஏறினால் நல்லது. படுத்தால் பிள்ளைக்கு 90 நாட்களுக்குச் சத்துருண்டை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அந்தக் கோடு புரிந்தது. ஊர்ப் பெண்களின் குழுக்கள் சேர்ந்து சத்துமாவு செய்தன. சீம்பால், சேனை, இணை உணவு பற்றிப் பேசின. திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளிடையே கடும் ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக உலக வங்கியின் மதிப்பீடுகள் கூறின.

குறையும் இருந்தது. திட்டத்தின் தராசு ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. தாய்ப்பால் ஒன்றே உணவாக இருக்க வேண்டிய முதல் ஆறு மாதம் அதற்கு வெளியே நின்றது. அந்தக் காலத்தைப் பார்த்துக்கொண்டவர் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர், ஊர்வழக்கில் நர்சம்மா. பல ஊர்களுக்கு அவர் ஒருவர்தான். பேறு நடந்த முதல் மணி நேரத்தில் அவர் எந்த வீட்டிலும் இருக்க முடியாது. சேனை வைக்கும் கைக்கு முன்னால் போய் நிற்க எவரும் இல்லை.

பால் மறுக்கப்பட்ட பிள்ளைகள் வேறு வகையிலும் இருந்தார்கள். 1980களின் நடுவில் உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கொலை நடப்பதைப் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வந்தன. தாய்ப்பால் குடிக்க வேண்டிய வாயில் கள்ளிப்பால் ஊற்றப்பட்டது. தமிழ்நாடு அரசு 1992இல் சேலத்தில், பெற்றோர் கைவிடும் பெண் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, 2001இல் தேனி, மதுரை, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. அரசு அந்தத் திட்டத்தைத் தேனிக்கும் தேவையானதாகக் கருதியது என்பதே இந்தப் பகுதியின் நிலையைச் சொல்லும். கொல்லப்படாமல் வளர்ந்த பெண் பிள்ளைக்கும் பால் குறைந்தது. மகனுக்காக அடுத்த கர்ப்பத்தை விரும்பும் குடும்பங்களில் மகளுக்குப் பால் சீக்கிரம் நிறுத்தப்படுகிறது என்பதை, இந்திய அளவிலான தரவுகளைக் கொண்டு சீமா ஜெயச்சந்திரனும் இலியானா குசியெம்கோவும் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சுவரில் எழுதிய எந்த வாசகமும் இந்தக் கணக்கைத் தொடவில்லை.

1990களிலிருந்து பேறு வீட்டைவிட்டு மருத்துவமனைக்கு நகர்ந்தது. இயக்கமும் அங்கே நகர்ந்தது. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் 1990 ஆகஸ்ட் 1 அன்று ஏற்கப்பட்ட, தாய்ப்பால் பற்றிய இன்னொசென்டி அறிக்கையின் நினைவாக, 1992 முதல் ஆகஸ்டின் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம் ஆனது. 1991இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் குழந்தை நேய மருத்துவமனைத் திட்டத்தைத் தொடங்கின. பிறந்த பிள்ளையைத் தனி அறைக்குக் கொண்டுபோகாமல் தாயின் அருகிலேயே கிடத்துவது, ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுவது, வேறெதுவும் கொடுக்காமல் இருப்பது ஆகியவை அதன் அடிப்படை. சுகாதார நிலையத்தில் பிள்ளை பெற்ற தாய்க்கு முதல் பால் கொடுக்க உதவுவது செவிலியரின் கடமையானது. சேனை வைக்க வந்த பெரியவர் பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டியதாயிற்று. சீம்பாலைக் கொட்டும் வழக்கம் ஒரு தலைமுறைக்குள் பெரிதும் ஒழிந்ததற்கு அறிவுரையோடு இந்த இடமாற்றமும் காரணம். சேனை மட்டும் வீடு திரும்பிய பிறகு நடக்கும் சடங்காகச் சில குடும்பங்களில் தங்கியது.

மருத்துவமனை புதிய தடையையும் கொண்டுவந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனையில் நடந்தன. அவற்றில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. மயக்கத்திலும் வலியிலும் இருக்கும் தாயிடம் ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையைக் கொடுக்கச் செவிலியரின் கூடுதல் கை வேண்டும். அந்தக் கணக்கெடுப்பில் சுமார் 60 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கே முதல் மணி நேரத்தில் பால் கிடைத்தது; இந்திய சராசரியான 41.8 விழுக்காட்டைவிட இது மிக நல்ல நிலை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடிப்பதில் நிலைமை தலைகீழ். இந்தியா 63.7 விழுக்காடு, தமிழ்நாடு சுமார் 55. மருத்துவமனையில் நன்றாகத் தொடங்கி, வீட்டுக்குப் போன பின் நழுவுகிறது.

நழுவும் இடங்களில் தண்ணீர் ஒன்று. வெயில் காலத்தில் பிள்ளைக்கு நா வறளும் என்று ஒரு பாலாடை வெந்நீர், வயிறு உப்பினால் வசம்பு, அழுதால் கிரைப் வாட்டர். தாய்ப்பாலில் நூற்றில் 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதை நர்சம்மா எத்தனை முறை சொன்னாலும், பாட்டியின் கைக்கு வேறு கணக்கு. குழப்பத்தில் அரசுக்கும் பங்கு உண்டு. நான்கு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று 1990களில் சொன்னார்கள்; 1992 சட்டமும் நான்கு மாதம் என்றே எழுதியது. உலக சுகாதார மாநாடு 2001இல் ஆறு மாதம் என்றது. இந்தியச் சட்டம் 2003இல் திருத்தப்பட்டது. மூத்த பிள்ளைக்கு நான்கு மாதத்தில் சோறூட்டச் சொன்ன அதே துறை, இளைய பிள்ளைக்கு ஆறு மாதம் என்றபோது தாய்மார் கேள்வி கேட்டது நியாயம்.

வேலைதான் பெரிய தடை. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல். நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில். திராட்சைத் தோட்டங்களிலும் அவர்களே. விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் பெண்கள் ஆயிரக்கணக்கில். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெண்கள் அதிகமாக வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டின் பேறுகால நலச் சட்டம், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளில் இரண்டு இடைவேளை தந்தது. மலை ஏறும் தினக்கூலிப் பெண்ணின் பிள்ளை மலைக்கு இந்தப் பக்கம் பாட்டியிடம் இருக்கும்போது, அந்த இடைவேளையால் பயன் என்ன? வயல் வேலை என்றால் வேப்பமரக் கிளையில் சேலைத் தொட்டில் கட்டலாம். பாட்டி பிள்ளையை வரப்புக்குத் தூக்கி வரலாம். மலைத்தோட்டத்தில் அதற்கும் வழியில்லை. தாய், பால்கட்டிய மார்பின் வலி பொறுக்காமல் செடி மறைவில் பீய்ச்சி மண்ணில் விட்டுவிட்டு மீண்டும் காய் பறிக்கிறாள்.

இந்தத் தடையை ஓரளவு நேராகத் தொட்டது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி. 1987இல் ஏழைத் தாய்மாருக்கு 300 ரூபாய் உதவியாகத் தொடங்கியது. 2006இல் 6,000 ஆகவும், 2011இல் 12,000 ஆகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ஆகவும் உயர்ந்தது. இழந்த கூலிக்கு ஈடாகப் பணம் கொடுத்து, வீட்டில் இருந்து பால் கொடு என்று சொல்லும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டின் தாய்ப்பால் முயற்சிகளில் கூலிப் பெண்ணை அதிகம் புரிந்துகொண்டது இதுவே. அப்படியும் அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு சம்பளத்துடன் பேறுகால விடுப்பு. நடவு நடும் பெண்ணுக்குத் தவணைகளாக வரும் இந்தத் தொகைதான். 2015 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பயணத்தில் இருக்கும் தாய்க்கு அவை உதவி. வேலைக்களத்தில் நிற்கும் தாய்க்கு இன்னும் அப்படி ஓர் இடம் வரவில்லை.

அதே 2015இல் வந்த இன்னோர் ஏற்பாடு தேனி மாவட்டத்துக்கு நேரடியானது. அரசு மருத்துவமனைகளில் ஏழு தாய்ப்பால் வங்கிகள் தொடங்கப்பட்டன. சென்னை, திருச்சி, மதுரை, கோவை, சேலம், தஞ்சாவூர் ஆகிய பெரிய நகரங்களோடு தேனியும் இடம்பெற்றது. உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909இல் வியன்னாவில் தொடங்கியது. இந்தியாவின் முதல் வங்கியை மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் நிறுவினார். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது ஆண்டிபட்டி அருகே க.விலக்கில். கம்பம் பள்ளத்தாக்கின் எடை குறைந்த, குறைமாதப் பிள்ளைகள் பெரிதும் அங்கேதான் அனுப்பப்படுகின்றன.

வங்கிக்குப் பால் தருபவர்கள் பெரும்பாலும் அதே வார்டில் படுத்திருக்கும் தாய்மார். தன் பிள்ளை குடித்தது போக மிஞ்சுவதைக் கொடுக்கிறார்கள், பணம் இல்லை. தானம் தரும் தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மேக நோய் பரிசோதனை உண்டு. கறந்த பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிக் குளிர்விக்கிறார்கள். கிருமி வளர்ப்புச் சோதனையில் தேறினால் உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். பழந்தமிழில் பெற்றவளைத் தவிரப் பிள்ளையை வளர்த்த தாய்க்குச் செவிலி என்று பெயர். அந்தச் சொல்லை இன்று மருத்துவமனைச் சீருடை அணிந்தவர்கள் தாங்குகிறார்கள். யாரென்று தெரியாத தாயின் பாலை இன்னொரு தாயின் பிள்ளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர்களே. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடையில் கிடக்கும் பிள்ளைக்கு முதலில் குழாய் வழியாகச் சில மில்லி. விழுங்கத் தெரிந்ததும் பாலாடையில். மார்பில் உறிஞ்சும் வலு வந்ததும் பிள்ளையைத் தாயிடம் தருகிறார்கள்.